அந்த மெஷினில் ஸ்கோப் படம் ஓடுமா?

முதலில் அச்சுக் கோக்கிறவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். என் எழுத்து ஒரு கோட்டில் நிற்காது. ற எங்கே, ர எங்கே என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. தவறு இருந்தால் நீங்களே திருத்திப் போட்டுவிடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். நாலு பேர் கூடிய இடத்தில் பேசு என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கண் மங்கிப்போனதால் இந்த வருஷம் சினிமா ஆப்பரேட்டர் வேலையை விட்டேன். வயது நாற்பத்தெட்டுதான். கார்பன் வெளிச்சத்தை வருஷக்கணக்கில் பார்த்த கண் அதற்குமேல் தாங்கவில்லை. நான் வேலை பார்த்த பழைய மெஷின் இப்போது சாந்தன்பாறைக் கொட்டகையில் இருக்கிறது. அங்கே ஆப்பரேட்டராக இருக்கும் இரண்டு பேர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அண்ணே, அதுல நீங்க ஸ்கோப் படம் ஓட்டினீகளாமே, நெசமா? நாங்களும் ஓட்டலாமா?”

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஓடும், ஓடாது என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளி கோபாலபுரத்துக்காரர். தென்னையும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். அந்த ஊர்ச் செக்போஸ்ட் பக்கத்தில் அவருக்கு ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. எஸ்டேட் வேலை ஒத்துக்கொள்ளாமல் மலையிலிருந்து இறங்கிப்போய் அங்கே சேர்ந்தேன். போஸ்டர் ஒட்டினேன், எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றினேன், ரீல் சுற்றினேன், பிறகு மெஷின் இருக்கும் கேபினுக்குள் ஏறினேன். இதைச் சொல்ல ஒரு வரி போதும். முதலாளி மறையூரில் கொட்டகை போட்டபோது மெஷினோடு நானும் மலை ஏறினேன்.

மெஷின் ஒன்றுதான். அப்போதே பழசு, யாரோ ஓட்டித் தேய்த்து விற்றது. தலைமை ஆப்பரேட்டர் சங்கரலிங்கம். திருநெல்வேலிப் பக்கம். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மனிதர்களை “ஏல” போட்டுப் பேசுவார், மெஷினுக்கு மட்டும் மரியாதை. “பெரியவர் இன்னைக்குக் கொஞ்சம் சலிச்சுக்கிடுதாரு” என்பார். நல்லது செய்தால் ஒன்றும் சொல்லமாட்டார். தப்பு செய்தாலும் உடனே சொல்லமாட்டார். டீ குடிக்கும்போது, ஊரே கேட்கிற மாதிரி சொல்லுவார். எனக்கு அது மெஷின் சூட்டைவிடப் பயம்.

எழுபத்தைந்து வாக்கில் என்று நினைவு. தமிழில் ஸ்கோப் படங்கள் வரத் தொடங்கியிருந்தன. மறையூர் ஜனங்கள் பஸ் ஏறி மூணாறுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் திரையைப் பார்த்து “என்னப்பா, தலையணை உறைய விரிச்சு வச்சிருக்கீக?” என்று கேட்டார்கள். ஆள் குறைந்தது. கரும்பாலை நடந்து கையில் காசு புழங்குகிற நாட்களில்கூடப் பெஞ்சு காலியாக இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் முதலாளி வந்தார். அவர் யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். வேலைக்காரர்களிடம்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேச்சு.

“அண்ணாச்சி, இந்தத் தீவாளிக்கு ஸ்கோப் படம் ஒன்னு போட்டுப் பாத்தரலாமுங்க. ஓடுச்சுன்னா கொட்டாய் நிக்கட்டும். இல்லீன்னா தகரத்தைப் பிரிச்சு ஊருக்கு ஏத்திக்கறேன். மாட்டுக் கொட்டாய்க்காவது ஆவும். ஏனுங்க, நம்ம மெஷின்ல ஓடுமுங்களா?”

அண்ணாச்சி மெஷினைப் பார்த்தார். “பெரியவரக் கேட்டுச் சொல்லுதேன்” என்றார்.

முதலாளி சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி வள்ளி எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்த எஸ்டேட் லயத்து வீடு அவள் பேரில். கொட்டகை போனால் எஸ்டேட்டில் என் பேரை மறுபடி எழுதுவார்கள் என்று நிச்சயம் இல்லை. நானே விட்டு வந்தவன். இந்த வயதில் வேறு என்ன வேலைக்குப் போய் யாரிடம் பேசுவது?

ஸ்கோப் படம் என்றால் என்ன என்பதைத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுருளில் உருவங்கள் ஒடுங்கி, ஒல்லியாக இருக்கும். தனி லென்ஸ் ஒன்று மாட்டினால் அது படத்தை இரண்டு பக்கமும் இழுத்து விரிக்கும். திரை அகலமாக வேண்டும். அதே வெளிச்சத்தை அகலத்துக்குப் பரப்பினால் மங்கும், அதனால் வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். வெளிச்சம் கூட வேண்டுமென்றால் மெஷினுக்குள் எரிகிற கார்பன் குச்சிகளுக்குக் கரண்டு கூட்ட வேண்டும். கரண்டு கூடினால் சூடு கூடும். சுருள் வெளிச்சத்துக்கு முன்னால் கடந்துபோகிற சின்ன ஜன்னலை நாங்கள் கேட் என்போம். அங்கே சுருள் ஒரு நொடி நின்றுவிட்டாலும் உருகிவிடும். ஆக, ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று இடிக்கும்.

அண்ணாச்சி பெரியவரைக் கேட்ட விதத்தை நான் மறக்கமாட்டேன். வீணாய்ப்போன சுருளில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி மாலை போல ஆக்கினார். அதை மெஷினில் கோத்து ஓடவிட்டார். ஒரே துண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஸ்குரு டிரைவரின் நுனியை மெஷின் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு துண்டைக் கழற்றி, ஓரத்து ஓட்டைகளைக் கட்டை விரல் நகத்தால் வருடினார். எங்கேயாவது நகம் இடறினால் சுருளை இழுக்கிற சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்த சக்கரத்தை மாற்றினார். மறுபடி மாலை, மறுபடி நகம். கேட்டில் வைக்கிற தகட்டின் துவாரம் ஸ்கோப்புக்குப் பத்தாது. கரும்பாலைக்கு உருளை செப்பனிடுகிற கொல்லரிடம் கொண்டுபோய், பக்கத்திலேயே உட்கார்ந்து அரம் போட்டு அகலப்படுத்தினார்.

நானும் மற்றவர்களும் திரைக்கு இரண்டு பக்கமும் துணி சேர்த்துத் தைத்தோம். தையல் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்து மறைத்தோம். காற்றடித்தால் மறுபடி தெரிந்தது.

“என்ன அண்ணாச்சி, ஓடுமா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஏல, மூணு நாளா உம் மூஞ்சி இதத்தான் கேக்கு. பெரியவர் ஓடிருவாரு போலிருக்கு. நீதான் விழுந்துருவ.”

தீபாவளிக்கு முதல் நாள் படப்பெட்டி வந்தது. பெட்டியோடு விநியோக ஆபீசின் ஆள் ஒருவர் வருவார், அவரை ரெப் என்போம். இவர் பேர் ராமநாதன். கோயமுத்தூர். கண்ணாடி போட்டவர், குளிருக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். லென்ஸ் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. சின்னாறு செக்போஸ்டில் வனத்துறைக்காரர்கள் அதையும் திறந்து பார்த்தார்களாம். “கண்ணாடிக்குள்ள சந்தனக்கட்டைய எப்படிங்க கடத்துவாங்க?” என்று கேட்டுக்கொண்டே கேபினுக்குள் வந்தவர், மெஷினைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

“இதுலயாங்க ஓட்டப்போறீங்க?”

“இதுலதான்” என்றார் அண்ணாச்சி.

“ஓட்டிக் காட்டுங்க. அப்புறம்தான் பெட்டியத் தருவேன். தப்பா நினைக்காதீங்க. சுருள்ல ஓட்டை கிழிஞ்சாலோ கருகினாலோ ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க. அப்புறம் இந்தக் கொட்டாய்க்கு எங்க பெட்டி வரவே வராது.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பொழுது சாய்ந்ததும் ஒரு ரீல் ஓட்டிக் காட்டினோம். அண்ணாச்சி கரண்டைக் கூட்டினார். திரை முழுக்க நிறம் விரிந்தது. இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்த துணி வரைக்கும் வயலும் வானமும் போயின. நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். ஆனால் ரீல் முடிவதற்குள் கேட் பக்கத்தில் மெஷினின் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. கருகின வாடை வந்தது. ராமநாதன் முகம் வெளுத்துவிட்டது.

கடைசியில் இரண்டு நிபந்தனையோடு சம்மதித்தார். ஒன்று, ஒவ்வொரு ரீலுக்கும் நிறுத்தி மெஷினை ஆறவிட வேண்டும். இன்னொன்று, தீப்பிடித்தால் அணைக்க வாளித் தண்ணீரும் மணலும் மட்டும் போதாது, கேபினைச் சுற்றி ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது நிபந்தனை மிகவும் பிடித்தது. கரும்பாலையிலிருந்து சாக்கு வாங்கி வந்து, நனைத்து, சுவரெல்லாம் தொங்கவிட்டேன். கதவிலும் ஒன்று. அவர் கேட்டதைவிட இரண்டு மடங்கு.

தீபாவளி அன்று முதல் ஆட்டம். எஸ்டேட்டுகளிலிருந்து லாரி லாரியாக வந்தார்கள். கம்பளி போர்த்தியவர்கள், புதுச் சேலைமேல் பழைய ஸ்வெட்டர் போட்டவர்கள். உட்கார இடமில்லாமல் பக்கச்சுவரில் ஏறினார்கள். சுவர் இடுப்பளவுதான், அதற்குமேல் திறந்த வெளி. மலையிலிருந்து குளிர் நேராக உள்ளே வரும். வள்ளியும் லயத்துப் பெண்களோடு வந்திருந்தாள். திரைக்கும் மெஷினுக்கும் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தோம். முதலாளி வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

முதல் ரீலில் எழுத்து ஓடும்போது விசில் கிளம்பியது. நன்றாகத்தான் இருந்தது. பிறகு, ரீலின் பாதிக்கு வரும்போது, படம் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிந்தது. என் கண்தானோ என்று கசக்கிக்கொண்டேன். ரீல் முடிந்து நிறுத்தினோம். இரண்டாவது ரீலிலும் அப்படியே. மூன்றாவதில் பாதிக்குமேல் யார் கதாநாயகன், யார் வில்லன் என்று தெரியவில்லை, எல்லோரும் பால் கலந்த தண்ணீருக்குள் நின்றார்கள்.

“ஏய் ஆப்பரேட்டரு! எண்ணெ ஊத்துடா வெளக்குக்கு!” என்று ஒரு குரல். “மூணாறு பஸ்ஸப் பிடிங்கடா!” என்று இன்னொன்று. பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

“மெஷின் தாங்கலீங்க. நான் அப்பவே நினைச்சேன்” என்றார் ராமநாதன்.

அண்ணாச்சி கரண்டை இன்னும் கூட்டினார். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கொப்பளித்த பெயிண்ட் கறுத்து உதிர்ந்தது. இன்னும் ஒரு தடவை கூட்டினால் சுருள் சுருங்கிவிடும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கூட்டாவிட்டால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள்.

நான்காவது ரீலுக்கு நிறுத்தியபோது கேபின் கதவுச் சாக்கை விலக்கிக்கொண்டு வள்ளி எட்டிப் பார்த்தாள். அவள் அதுவரை கேபின் பக்கம் வந்ததே இல்லை.

“என்னங்க, உள்ள சோறு வடிக்கிறீகளா? ஒரே ஆவியா இருக்கு.”

“போ புள்ள, ஆளுக இருக்காக” என்றேன்.

“போறேன், போறேன். பொம்பளைகள்லாம் வையுறாளுக. ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கையில தெளிவா இருக்கு, போகப் போகப் பனி மூடுன மாதிரி ஆயிருது. அதச் சொல்லத்தான் வந்தேன். எனக்குத்தான் மானம் போகுது.”

அவள் போய்விட்டாள். அடுத்த ரீலை மாட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கை நின்றது. “ஏல, என்ன சொன்னா உம் பொண்டாட்டி?”

“ஆரம்பத்துல தெளிவா இருக்காம் அண்ணாச்சி.”

“பெரியவரு தாங்கலைன்னா ஆரம்பத்துலயே மங்கணுமே.”

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தோம். கேபினுக்கும் கொட்டகைக்கும் நடுவில் சுவரில் ஒரு துவாரம். படம் அதன் வழியாகத்தான் போகும். தீ வெளியே போகாமலிருக்க அதில் ஒரு கண்ணாடி. வெளியே மறையூர்க் குளிர். உள்ளே கார்பன் சூட்டில் என் ஈரச் சாக்குகள் எல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடியில் உட்பக்கம் முழுக்க இன்னும் வற்றாத நீர், முத்து முத்தாக. மெஷினை ஆறவிடும்போது அது வற்றியதால்தான் ஒவ்வொரு ரீலும் தெளிவாகத் தொடங்கியிருக்கிறது. முந்தின நாள் ஒத்திகையில் சாக்கு இல்லை.

வெளிச்சம் குறையவே இல்லை. தீக்குப் பயந்து நாங்கள் தொங்கவிட்ட ஈரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. அதைத் துளைக்கத்தான் அண்ணாச்சி சூட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். சூடு ஏற ஏற ஆவியும் ஏறியிருக்கிறது.

“சாக்க அவுத்துப் போடுல” என்றார் அண்ணாச்சி.

“அவுக்கக் கூடாதுங்க” என்று ராமநாதன் கதவை மறித்தார். “கேட்டைப் பாருங்க, இப்பத்தான் பெயிண்ட் உதிருது. இந்தச் சூட்டுல சாக்கு இல்லாம ஓட்ட நான் விடமாட்டேன். வேணும்னா நிறுத்திக்கலாம்.”

வெளியே பெஞ்சுச் சத்தம் மழை போலக் கேட்டது. நான் வேட்டி நுனியில் கண்ணாடியைத் துடைத்தேன். “சாக்கு இருக்கட்டும், நான் துடைச்சுக்கிட்டே இருக்கேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது ஆச்சரியம்தான்.

அண்ணாச்சி கரண்டைக் குறைத்தார். ஒத்திகையில் வைத்ததைவிடவும் கொஞ்சம் குறைவாக. ரீல் ஓடியது. திரை பளிச்சென்று விரிந்தது. ஜனங்கள் “ஓ” என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மறுபடி பூத்தது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன்.

கொட்டகை கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு கூச்சல். கண்ணாடிக்கு முன்னால் கை போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. கதாநாயகியின் முகத்தின்மேல் ஒரு பெரிய கறுப்புக் கை, அதுவும் ஸ்கோப்பில், இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை போய் வந்திருக்கிறது.

“எவன்டா அது! அந்தப் புள்ளையத் தொடாத!”

“கையக் கழுவிட்டாவது தொடுடா!”

எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. ஆனால் ஓடிப்போக இடமில்லை. பிறகு கையை நீட்டாமல், குச்சி நுனியில் துணி சுற்றி, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சட்டென்று இழுத்துவிடப் பழகினேன். முழுப் படமும் அப்படித்தான் ஓடியது. கதை என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணாடியின் ஒரு மூலை வெளுக்கிறதா என்பதை மட்டுமே பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து ஜனங்கள் கலைந்தபோது முதலாளி முதல்முறையாக உள்ளே வந்தார். “அண்ணாச்சி, நாளைக்கும் ஓடுமுங்களா?”

அண்ணாச்சி என்னைக் காட்டினார். “அவங்கிட்ட கேளுங்க. பெரியவருக்கு இப்ப அவன்தான் கண்ணு.” டீக்கடையில் அல்ல, கேபினுக்குள்ளேயே சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மறுநாளும் ஓடியது. அதற்கடுத்த நாளும். நேற்று ஓடியது இன்றைக்கு உத்தரவாதம் இல்லை. ஒருநாள் ஒரு பல் சக்கரம் முனகியது, அண்ணாச்சி ஆட்டத்துக்கு முன்னால் மாற்றினார். ஒருநாள் எஞ்சின் இருமியது. ஊரில் என்னைக் கண்டால் “கை வருது, கை வருது” என்றார்கள். பார்த்தவர்களே மறுபடி வந்தார்கள். ஆனால் கொட்டகையின் விதி டிக்கெட்டில் இல்லை, சுருளில் இருந்தது. பெட்டி திரும்பிப் போகும்போது அது எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

கடைசி நாள் கழிந்த காலையில் ராமநாதன் கேபின் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ரீலாகச் சுற்றும் கட்டையில் மாட்டி மெதுவாகச் சுற்றினார். இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவே சுருளின் ஓரம் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்க அவருக்கு மனமில்லை. நான் ராமநாதனின் விரலையே பார்த்தபடி நின்றேன்.

நடு ரீல்களில் ஒன்றில் விரல் நின்றது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுருளை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “இது பழைய ஒட்டு. பொள்ளாச்சியில ஒட்டினது” என்று சொல்லிவிட்டு மேலே சுற்றினார்.

கடைசி ரீலை டப்பாவில் போட்டு மூடினார். எழுந்து முதுகை நெளித்தார்.

“அண்ணே, முதலாளி எங்கிருக்காருங்க? பொங்கலுக்கு எந்தப் படம் வேணும்னு கேட்டுட்டு வாங்க. இன்னைக்கே ஆபீஸ்ல சொல்லி எழுதி வச்சரலாம்.”

நான் ஓடினேன். முதலாளி கரும்பு ஏற்றிய வண்டிப் பக்கத்தில் நின்று வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எரிஞ்சு போச்சுங்களா தம்பி?”

சொல்ல வாய் திறந்தேன். ஓடி வந்த இரைப்புதான் வந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அதையும் சரியாக ஆட்டவில்லை போலிருக்கிறது, அவர் கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்தேவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, “அடுத்த படம் எதுன்னு கேக்காக” என்றேன்.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு வண்டிக்காரரிடம், “கொட்டாய்த் தகரம் ஏத்தறதுக்குன்னு சொல்லி வச்சேனே, அந்த லாரி வேண்டாமுங்க” என்றார்.

மறையூர்,
9.12.1979, ஞாயிற்றுக்கிழமை.